ஒரிகன் தடத்தில் வண்டி இழுத்தவை எருதுகளே

1840களில் ஒரிகன் தடம் என்ற நெடும்பாதை வழியே அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் சென்ற குடியேறிகள் குதிரை பூட்டிய கூண்டு வண்டிகளில் அமர்ந்து பயணித்தார்கள் என்றும், வழியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினரின் தாக்குதலில் மாண்டவர்கள் என்றும் பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

மிசௌரியிலிருந்து ஒரிகன் வரை ஏறத்தாழ 3,200 கி.மீ. நீண்ட அந்தத் தடத்தில் பெரும்பாலான வண்டிகளை இழுத்தவை எருதுகள்தாம். குதிரையைவிட மெதுவாக நடந்தாலும், அவற்றின் விலை குறைவு. வழியோரப் புல்லை மேய்ந்தே தாக்குப்பிடிக்கும். வண்டியில் ஆட்கள் உட்கார இடமும் இல்லை. சுமார் 3 மீட்டர் நீளப் பெட்டிக்குள், நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை நீளும் பயணத்துக்கான மாவு மூட்டைகளும், உப்பிட்ட பன்றி இறைச்சியும், காப்பிக்கொட்டையும், உழவுக் கருவிகளும் அடைந்து கிடந்தன. அதிர்வைத் தாங்கும் வில்கள் (ஸ்பிரிங்) இல்லாததால் குலுக்கலும் கடுமையாக இருந்தது. ஆகவே நோயாளிகளையும் கைக்குழந்தைகளையும் தவிர, பெண்களும் சிறுவர்களும் உட்படப் பெரும்பாலோர் புழுதியில் நடந்தே சென்றனர்.

உயிரிழப்புகளுக்கு முதன்மைக் காரணம் நோய், குறிப்பாக 1849க்குப் பின் பிளாட் ஆற்றுப் பாதையில் பரவிய காலரா. சக்கரத்தில் சிக்கியும், ஆற்றில் மூழ்கியும், துப்பாக்கி தவறுதலாக வெடித்தும் பலர் மாண்டனர். 1840 முதல் 1860 வரை பழங்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 400 பேருக்கும் குறைவு என்பதே வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. அதே காலத்தில் பயணிகளால் கொல்லப்பட்ட பழங்குடியினர் அதைவிட அதிகம் என்பதை விட்டுவிட்டு இதைப் பேசுவது பெரும் அநீதி. ஆறுகளைக் கடக்க உதவியவர்களும், வழிகாட்டியவர்களும், உணவுக்குச் சால்மன் மீனைப் பண்டமாற்றாகத் தந்தவர்களும் பழங்குடியினர்தாம்.