கறுப்பு பீர்தான் தொப்பை போடுமா?

“கறுப்பு பீர் ஒரு கிளாஸ் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம், உடம்பைப் பார்த்துக்கொள்பவர்கள் வெளிர் நிற கிராஃப்ட் பீர் (சிறு ஆலைகளில் தயாராகும் பீர்) குடிக்கலாம்” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக் கறுப்பு பீரான கின்னஸையே எடுத்துக்கொள்வோம். 355 மில்லி கின்னஸ் டிராஃப்ட் (அதன் வழக்கமான வகை) பீரில் ஏறக்குறைய 125 கலோரிதான். அதே அளவு வெளிர் மஞ்சள் பட்வைசர் பீரில் சுமார் 145. கறுப்பு நிறம் கருக வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. காப்பிக்கொட்டையைப் போல வறுபட்ட அந்தத் தானியம் கொஞ்சம் சேர்ந்தாலே மொத்தமும் கறுத்துவிடும். மேலே ஆடை போல நிற்கும் நுரையில் பாலும் இல்லை, கொழுப்பும் இல்லை. நைட்ரஜன் வாயுவின் பொடிக் குமிழ்கள்தான் நாக்கில் அந்தக் கெட்டித்தன்மையைக் காட்டுகின்றன.

சரி, கலோரி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஆல்கஹாலில். ஒரு கிராமுக்கு 7 கலோரி, மாவுச்சத்துக்கு 4தான். கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம். பொன்னிறத்தில் மின்னும் டபுள் ஐபிஏ என்ற காட்டமான கிராஃப்ட் பீர் வகை பலவற்றில் 8 சதவீதம். அதில் 355 மில்லி குடித்தால் ஆல்கஹாலிலிருந்து மட்டுமே 157 கலோரி ஏறும், மிச்சமிருக்கும் மால்ட் (முளைகட்டிய தானியம்) சர்க்கரை தனி.

எல்லாக் கறுப்பு பீரும் லேசானது என்றும் நினைத்துவிடாதீர்கள். இம்பீரியல் ஸ்டவுட் என்ற காட்டமான கறுப்பு பீர் வகையில் பலவற்றின் ஆல்கஹால் 10 சதவீதத்தையும் தாண்டும். அதனால் நிறத்தை விடுங்கள். கேனில் அச்சிட்டிருக்கும் ஆல்கஹால் சதவீதத்தையும் கிளாஸின் அளவையும் பாருங்கள்.