உள்ளூரிலேயே தனியாகப் போவது எப்போது?

வேலை பெங்களூரில் என்றால் பெட்டி கட்டி ரயிலேற்றிவிடுகிற அதே அப்பா அம்மா, சென்னை பம்மலில் வீடு இருக்கும்போது பெருங்குடியில் தனியாக இருக்கப்போகிறேன் என்றால் "இங்க உனக்கு என்ன குறை?" என்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தனிக்குடித்தனம் போனால் ஊரே பால் காய்ச்ச வரும், அது வேறு விஷயம். வயசு, கல்யாணம் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, கையில் இருக்கிற பணத்தை வைத்து முடிவெடுங்கள் என்பது என் கட்சி. சண்டை போட்ட சூட்டில் மட்டும் கிளம்பாதீர்கள். அவசரத்தில் பார்க்கிற வீடு பெரும்பாலும் தண்ணீர் வராத வீடாக அமையும்.

கணக்கு இப்படி. கைக்கு வரும் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். வாடகை 12,000, மெயின்டனன்ஸ் 1,000, கரண்ட் 800, சாப்பாடு 7,000, கேஸ், தண்ணீர் கேன், நெட் எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 22,300. வீட்டுக்கு இப்போது கொடுக்கிற 8,000-ஐ நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. மிச்சம் 9,700. பெட்ரோல், போன், இன்சூரன்ஸ், சேமிப்பு எல்லாம் அதற்குள்தான்.

இதை வீட்டில் இருந்துகொண்டே ஒத்திகை பாருங்கள். மாதம் பிறந்ததும் 22,300-ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் ஓட்டுங்கள். இரண்டாவது மாதமே அதிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் இன்னும் நேரம் வரவில்லை. ஐந்து மாதம் தாங்கினால் கையில் 1,11,500 இருக்கும். ஐந்து மாத அட்வான்ஸ் 60,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, முதல் மாத வாடகை, அடுப்பு, மெத்தை, பாத்திரம், வண்டிக்கூலி எல்லாம் ஏறக்குறைய அதற்குள் அடங்கும். அதன் பிறகு திடீர்ச் செலவுக்கு என்று ஒரு மாதச் சம்பளமாவது தனியாக இருக்க வேண்டும். அது சேரும்வரை பொறுப்பதில் தவறில்லை.

அட்வான்ஸ் விஷயத்தில், 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை என்றுதான் வரம்பு வைத்திருக்கிறது. இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் சரி என்ற வழியும் அதிலேயே இருப்பதால் ஐந்தும் பத்தும் தாராளமாக ஓடுகின்றன. பேரம் பேசுவது உங்கள் சாமர்த்தியம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடுகள் காலியாகக் கிடக்கும். அப்போது பார்த்து டோக்கன் கொடுத்துவிட்டு ஆவணியிலோ தையிலோ போனால் வாடகையில் கொஞ்சம் குறையும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் தேடினால் குடும்பங்களோடு போட்டி போட வேண்டும், "பேச்சிலர்ஸுக்குத் தர்றதில்லை" என்ற பதில்தான் அதிகம் கிடைக்கும்.

வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். உப்பு கரித்தால் போர் தண்ணீர், தலைக்கு ஊற்ற ஆகாது. மெட்ரோ வாட்டர் சம்ப்புக்கு வருகிறதா, மே மாதம் லாரி வாங்கினால் பங்கு யார் தருவது என்று கேளுங்கள். கரண்டுக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்த சப் மீட்டரா? சப் மீட்டர் என்றால் மின்வாரியத்தின் இலவச யூனிட் உங்களுக்கு வராது, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் போடுவார். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெரிதாக விழுகிற வெட்டு பெயின்டிங் சார்ஜ். எவ்வளவு என்று அக்ரிமென்டிலேயே எழுதி வாங்குங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், பாத்ரூம், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் எப்போது சொல்வது? டோக்கன் கொடுத்த பிறகு வேண்டாம், தேடத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். மாதம் எவ்வளவு தருவீர்கள், அப்பாவின் மாத்திரை, அம்மாவின் செக்கப் யார் பொறுப்பு என்பதை முதலில் பேசிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும். வீட்டுக்காரர்கள் பலர் "அப்பா நம்பர் குடுங்க" என்பார்கள். பெண்பிள்ளை என்றால் நேரிலேயே கூட்டிவரச் சொல்வார்கள். சம்பாதிக்கிற 27 வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்பது எரிச்சலான விஷயம்தான். ஆனாலும் அந்த போன் போகும் என்பது நிச்சயம். விஷயம் அப்பாவுக்கு அந்த போனில் தெரியவந்தால் அடுத்த ஆறு மாதத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.