துரியோதனனுக்கு 20 நிமிஷம்

காலேஜ் விழாவுல தெருக்கூத்து நடந்துட்டிருக்கறப்பவே மைக்கை கட் பண்ண அந்த வீடியோவை நேத்தே ஆளாளுக்கு அனுப்பிட்டீங்க, போதும். எந்தக் காலேஜ்னு இங்க எழுதப் போறதில்ல. சேலத்துக்காரங்களுக்குத் தெரியும். ஃப்ளெக்ஸ்ல ‘மண்ணின் கலைகள்’னு ஆளுயர எழுத்து, கீழ கூத்துக்காரங்க படம். மேடையில அவங்களுக்கு 20 நிமிஷம். அப்புறம் மைக் கட். டிஜேக்கு மட்டும் ராத்திரி 9 மணி வரைக்கும் நேரம் இருந்துச்சு.

கூத்துன்னா என்னன்னு தெரிஞ்சவன் 20 நிமிஷம் குடுப்பானா? விடியவிடிய நடக்கறது அது. ரெண்டு பேர் திரையைப் பிடிச்சு நிப்பாங்க. துரியோதனன் அதுக்குப் பின்னாடி நின்னு பாடி, கோமாளிகிட்ட வம்பு வளர்த்து, அப்புறம்தான் முகத்தையே காட்டுவான். அந்த வருகைக்கே அரைமணி வேணும். ஆக, நீங்க கூப்பிட்டது திரைச்சீலையைத்தான்.

எங்க மாமா தாரமங்கலம் பக்கம் பாஞ்சாலி வேஷம் கட்டினவர். சாயங்காலம் கண்ணாடியோட உக்காந்தா அரிதாரம் பூசி, புருவம் எழுதி, சவுரி வச்சு எந்திரிக்க இருட்டிடும். நடுவுல பேச்சுக் குடுத்தா அறை விழும், வாங்கியிருக்கேன். துகிலுரியற கட்டத்துல கிழவிங்க எந்திரிச்சு துச்சாதனனை வாய்க்கு வந்தபடி திட்டுவாங்க. விடிஞ்சதும் அதே மாமா தறிக்குப் போயிடுவார். இப்ப முட்டி போச்சு, ஆடறதில்ல. வீடியோவை நான் காட்டல, யாரோ காட்டிட்டாங்க. “சோறாவது போட்டாங்களாடா?”ன்னுதான் கேட்டார்.

ஹாஸ்டல் நேரம், பஸ் நேரம்னு சொல்வீங்க. சரி, நியாயம்தான். அப்ப மதியமே மேடையைக் குடுத்திருக்கலாமே? பட்ஜெட் இல்லன்னு சொல்றவங்ககிட்ட நான் பேசவே போறதில்ல. புகை மிஷினுக்குக் காசு இருந்துச்சு.

“பசங்களுக்குப் பிடிக்கல சார்”னு ஒரு பேச்சு. ஆடி மாசம் சேலத்துல குகை ஏரியாவுக்கு வந்து கோயில் திருவிழா வண்டி வேடிக்கையைப் பாருங்க. சாமி வேஷம் கட்டி வண்டியில நிக்கறது யாரு? இதே வயசுப் பசங்க. மாடியில தொத்திக்கிட்டு விசிலடிக்கறதும் இவங்கதான். காலேஜ் கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் மட்டும் ரசனை மாறிடுமா? பசங்களுக்குப் பிடிக்கலையா, உங்களுக்குக் கூச்சமா?

பொங்கலுக்கு ட்ராடிஷனல் டேன்னு வேட்டி கட்டி, மாட்டை ஓட்டிட்டு வந்து போட்டோ எடுத்தீங்களே. அந்த மாட்டைக்கூட சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தீங்க. எங்காளுங்க வந்தா மட்டும் செல்ஃபி முடிஞ்சதும் கிளம்பணும்.

“கூப்பிட்டதே பெருசு அண்ணா, நெகட்டிவா பேசாதீங்க”ன்னு ஒரு தம்பி இன்பாக்ஸ்ல வந்திருக்கார். தம்பி, அந்தக் கூத்துல முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதறது) வாசிச்சவர் எடப்பாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒருநாள் கூலியை விட்டுட்டு வந்தவர். கெஸ்ட் லெக்சருக்கு வர்ற ப்ரொஃபசர்கிட்ட பாதியில மைக்கைப் பிடுங்கிட்டு, “கூப்பிட்டதே பெருசு சார்”னு ஒரு தடவை சொல்லிட்டு வாங்க. அப்புறம் நாம பேசலாம்.