அந்த மேப்பை மடிச்சு வைங்கண்ணே!

ஏப்ரல் 15 வந்தா தடைக்காலம். 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில கிடக்கும். டி அண்ட் டின்னா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கற்பனை உலகத்துல ஆளுக்கொரு பாத்திரமா கதை பேசிப் பகடை உருட்டி ஆடுற ஆட்டம். மண்டபத்துல புதுசா ஒருத்தனை அதை விளையாட இழுத்துட்டு வரணும்னா தடைக்காலத்தை விட்டா வேற நேரம் கிடையாது. இந்த வருசம் எதிர்வீட்டுத் தம்பியைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். படகுல போறவன். இருபது முகப் பகடையை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே இருந்தான். அம்புட்டு ஆசை.

எங்க செட்டுல மூத்தவர் ஒருத்தர் இருக்காரு. மேப்பை விரிச்சாரு. கிரேஹாக். இந்த ஆட்டத்துக்குன்னு 1980-ல புத்தகமா வந்த கற்பனை உலகம். சூயல் பேரரசு மேல நிறமில்லாத நெருப்பு மழை பெஞ்ச கதையில ஆரம்பிச்சவரு, ஒன்றரை மணி நேரம் நிறுத்தல. பொண்ணு பாக்கப் போன வீட்டுல ஏழு தலைமுறைக் கதை சொல்ற பெரிசு மாதிரி! அப்புறம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்னு இன்னொரு உலகம், 1987-ல பெட்டியா வந்தது. பகடை ஒரு தடவை கூட உருளல. "வலை வேலை கிடக்குண்ணே"ன்னு தம்பி எந்திரிச்சுப் போயிட்டான்.

அவன் போனதும் இவரு சொன்னாரு பாருங்க: "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லப்பா."

விடிய விடிய வலை இழுக்குறவனுக்கா பொறுமை இல்ல?

அதே அலமாரியில டார்க் சன்னு வேற ஒரு உலகம் இருக்கு, 1991-ல வந்தது. இரும்பு அபூர்வம், எலும்புலயும் கல்லுலயும்தான் ஆயுதம். தண்ணிக்கு அடிதடி. மந்திரவாதி கவனமில்லாம மந்திரம் போட்டா சுத்தியிருக்குற செடிகொடி சாம்பலாயிரும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்"னு மிரட்டுனா நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தைத்தானே சொல்றாங்க? இங்க பொறந்தவனுக்கு இதை விளக்கவா வேணும்? சீமைக்கருவேலங்காட்டைக் கைகாட்டினா போதும். அந்த உலகத்துல புழுதியாவே ஒரு கடல் இருக்கு, அதுல பாய் கட்டி சக்கரம் வச்ச வண்டி ஓடும்னு ஒரு வரி சொல்லியிருந்தா, "ஆழம் எம்புட்டுண்ணே, சக்கரம் பொதையாதா?"ன்னு அவனே கேட்டிருப்பான். அங்க ஆட்டம் தொடங்கியிருக்கும். ராஜா பேரெல்லாம் மூணாவது வாரம் அவனா கேட்டு வாங்கிக்குவான்.

தடைக்காலம் முடிஞ்சுது. தம்பி கடலுக்குப் போயிட்டான். நேத்து மூத்தவர் போன் பண்ணி, "கிரேஹாக் வரலாறை 12 பக்கத்துல பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன், அடுத்த ஆளைக் கூட்டிட்டு வா"ங்கிறாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அண்ணனாச்சேன்னு முழுங்கிட்டு போனை வச்சுட்டேன்.