உதயம் சான்றிதழா பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்?

மதுரையில் வில்லாபுரமோ எல்லீஸ் நகரோ, வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் சில இடங்களில் உதயம் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டி, பக்கத்திலேயே "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று எழுதி வைக்கிறார்கள். தப்பு. உதயம் சிறுதொழில் பதிவு மட்டும்தான். ஆதாரையும் பான் எண்ணையும் கொடுத்து நாமே ஆன்லைனில் காசில்லாமல் எடுத்துக்கொள்வது. அதற்காக எந்த அதிகாரியும் வந்து உங்கள் வீட்டு மாடிப்படியில் கம்பிக் கதவு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அட்மிஷன், சீருடை, ஏ பி சி டி என்று போய்விட்டால் அது ப்ளே ஸ்கூல். பள்ளிக் கல்வித் துறையிடம் அனுமதி வாங்கியே ஆகவேண்டும். மகப்பேறு பயன் சட்டத்தை 2017-இல் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் கட்டாயம் என்று சேர்த்தார்கள். வீட்டில் நாலு பிள்ளைகளைப் பார்க்கும் அக்காவைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மூன்று பிள்ளைகளுக்கு மேல் பார்த்தால் வார்டு அலுவலகத்தில் பதிவு, வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து சோதனை என்று வைத்தால் போதும் என்பது என் கருத்து. தீயணைப்புத் துறையில் ஆரம்பித்து பத்துத் துறைக்கு அலையவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்துவார்கள்.

அதற்காக, காகிதம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லை என்று நினைக்க வேண்டாம். தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடித்தாலோ கவனிக்காமல் விட்டாலோ இளைஞர் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. நிறுவனமாக நடத்துகிறவர்களுக்கு அது 5 ஆண்டு, அபராதம் 5 லட்சம் வரை. பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் போக்சோவில் அதுவே தனிக் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

வீட்டுக்குள் என்ன பார்க்கவேண்டும்? முதலில் தண்ணீர். குழாயில் தண்ணீர் வராத நாளுக்கென்று டிரம், குடம், வாளி எல்லாம் நிரப்பி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். தவழும் பிள்ளை எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழ அரை வாளித் தண்ணீர் போதும், சத்தம்கூட வராது. குளியலறைக்கு வெளித் தாழ்ப்பாள் போடுங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு வேண்டும், மேலே கல்லைத் தூக்கி வைத்தால் ஆகாது.

அடுத்து தூளி. கைப்பிள்ளை தூங்க அதைவிடச் சுகம் கிடையாது. ஆபத்து, அது எழுந்த பிறகுதான். வெறும் சேலை தொங்கினால் மூன்று வயதுப் பிள்ளை தலையை உள்ளே விட்டு முறுக்கிச் சுற்றும், கழுத்து இறுகிவிடும். பிள்ளையைத் தூக்கிய கையோடு சேலையைக் கொக்கியில் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள்.

மருந்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பிலோ 5 மில்லிக்கு 120. பத்துக் கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, சிரப்பில் ஆறு மில்லிக்குக் கொஞ்சம் மேல். "அஞ்சு மில்லி ஊத்துங்கக்கா" என்று அம்மா போனில் சொல்ல, இவர் சொட்டு மருந்தை எடுத்து ஊற்றினால் உள்ளே போவது 500. அதனால் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஒழிய பாட்டிலைத் தொடாதீர்கள். இரண்டு வயதுக்குள் இருமல் சிரப் கூடவே கூடாது.

எத்தனை பிள்ளை என்று கேட்பார்கள். அரசின் காப்பகத் திட்டத்தில் 25 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு வயதுக்குக் கீழே இருந்தால் ஒருவருக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒன்றுக்குத் துணி மாற்றும்போது இன்னொன்று வாயில் நிலக்கடலையைப் போட்டுக்கொள்ளும்.

கடைசியாக, கூட்டிப்போவது யார்? சேர்க்கும் அன்றே மூன்று பேரின் போட்டோவும் நம்பரும் வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். அதில் இல்லாத சித்தப்பா வந்து நின்றால், பிள்ளையே "சித்தப்பா" என்று ஓடினாலும், கேட்டைத் திறக்குமுன் அம்மாவுக்கு ஒரு போன். சித்தப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.