ஃபிட்ஸ்ராய் யாருக்கும் டிரைவர் இல்லை

ரெண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். லிங்க் கொடுத்து இன்னும் நாலு பேரைப் பார்க்கவைக்க எனக்கு மனசில்லை. "டார்வினைக் கூட்டிட்டுப் போன கப்பல் டிரைவர், பைபிளைத் தூக்கிக்கிட்டுக் கத்தினவர், கடைசியில பைத்தியமாகி கழுத்தை அறுத்துக்கிட்டார்" என்று ஒரே மூச்சில் ஒரு மனிதரை முடித்துவிட்டார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு. கீழே சிரித்து வைத்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

ராபர்ட் ஃபிட்ஸ்ராய் டிரைவர் இல்லை. 1828-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலின் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்தக் கப்பலைத்தான் 23 வயதுப் பையனான ஃபிட்ஸ்ராயின் கையில் கொடுத்தார்கள். அந்தக் குளிரும் தனிமையும் ஒரு கேப்டனை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் 1831-ல் மறுபடி கிளம்பும்போது பேச்சுத்துணைக்குப் படித்த ஒருவர் வேண்டும் என்று கேட்டார். அப்படி வந்து சேர்ந்தவர்தான் 22 வயது டார்வின். கப்பல் டார்வினுக்காகப் போகவில்லை ஐயா. கரையை அளக்கப் போனது. தீர்க்கரேகை பிசகாமலிருக்க 22 குரோனோமீட்டர்கள் (நேரம் தப்பாத கடல்பயணக் கடிகாரங்கள்) கப்பலில் இருந்தன, அவற்றில் ஆறு ஃபிட்ஸ்ராயின் சொந்தம். ஒரு கப்பல் போதாது என்று கைக்காசைப் போட்டு இன்னொன்றும் வாங்கினார். கடற்படைத் தலைமை அந்தக் காசைத் தர மறுத்து, அதை விற்கவைத்தது. அந்த அடியில் மனம் உடைந்து 1834-ல் சிலி நாட்டின் வால்பரைசோ துறைமுகத்தில் பதவியையே துறக்கப் போனார். கூட இருந்த அதிகாரிகள் பேசிப் பேசித்தான் மனதை மாற்றிக்கொண்டார். இது டிரைவர் வேலையா?

உடனே ஒருவர் வருவார். "தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவான தியரா டெல் ஃபியூகோவிலிருந்து நாலு பேரைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாரே?" கொண்டுபோனார். தப்புதான். அதில் ஒருவர் அங்கே அம்மை கண்டு இறந்தும் போனார். அதற்காகத் திட்டுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் காணொளி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுக்கு வேண்டியது பைபிள்.

சரி, பைபிளுக்கே வருகிறேன். 1860-ல் ஆக்ஸ்போர்டு கூட்டத்தில் பைபிளை உயர்த்திக் காட்டி டார்வினின் பரிணாமக் கொள்கைக்கு எதிராகப் பேசினார். உண்மை. அந்த விஷயத்தில் நான் டார்வின் பக்கம்தான். ஆனால் அதே வருஷம் அந்த மனிதர் வேறென்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டாமா? முந்தைய அக்டோபரில்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து லிவர்பூல் திரும்பிய ராயல் சார்ட்டர் கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் சிக்கி உடைந்து, நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். ஃபிட்ஸ்ராய் 1854 முதலே அரசின் வானிலைப் பிரிவுக்குப் பொறுப்பாளர். கரையோர நிலையங்களிலிருந்து காற்று, அழுத்தம் எல்லாவற்றையும் தினமும் தந்தியில் வரவழைத்தார். 1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கினார். லண்டனிலிருந்து தந்தி போனதும் துறைமுகக் கம்பத்தில் கூம்பையும் உருளையையும் ஏற்றுவார்கள். கூம்பின் முனை மேலே பார்த்தால் வடக்கிலிருந்து புயல்காற்று, கீழே பார்த்தால் தெற்கிலிருந்து. ராத்திரியில் விளக்குகள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 'ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு' என்று வருஷாவருஷம் ஐப்பசி கார்த்திகையில் செய்தியில் கேட்கிறோமே, அந்த வழக்கம் கிளம்பிய இடம் இதுதான்.

நான் கடலூர்க்காரன். அப்பா கடலுக்குப் போனவர். ஒரு சாயங்காலம் வலையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பியவர், துறைமுகப் பக்கம் போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் பேசாமல் வலையை இறக்கத் தொடங்கினார். அம்மா, "காத்தே காணோம், நாளைக்கு உலைக்கு என்ன வைக்கிறது?" என்று சண்டை பிடித்தார். "கூண்டு ஏத்தியிருக்கான்" என்றார் அப்பா, அவ்வளவுதான். மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது, புயல் வேறெங்கோ போய்விட்டது. அப்பா கூண்டு ஏற்றியவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த தடவையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நாம் என்ன செய்கிறோம்? மழை வரும் என்று சொல்லி வராவிட்டால் உடனே மீம். லீவு விட்ட கலெக்டருக்கும் மீம், வானிலை மையத்தில் இருந்த ரமணனுக்கு எத்தனை மீம் போட்டோம்! ஃபிட்ஸ்ராய்க்கும் இதுதான் நடந்தது. 1861 ஆகஸ்ட் 1 முதல் 'டைம்ஸ்' பத்திரிகையில் அவருடைய கணிப்புகள் வந்தன. தப்பியபோதெல்லாம் பத்திரிகைகள் நையாண்டி செய்தன, விஞ்ஞானிகள் இதெல்லாம் அறிவியலே இல்லை என்றார்கள். கடன் ஒரு பக்கம். காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. அவருடைய தாய்மாமன் காசல்ரே பிரபு தற்கொலை செய்துகொண்டவர், தனக்கும் அதுதான் விதியோ என்ற பயம் இளவயதிலிருந்தே இருந்தது. 1865 ஏப்ரல் 30-ல் அது நடந்தேவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால் பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்ப்பீர்களா?

"சும்மா ஜாலிக்குத்தானே, இவ்வளவு சீரியஸா எடுத்துக்கணுமா?" என்று இன்பாக்ஸில் ஒருவர். ஆமாம், எடுத்துக்கொள்வேன். யாரை வைத்து ஃபிட்ஸ்ராயை மட்டம்தட்டுகிறீர்களோ அந்த டார்வினே, நிர்க்கதியாய் நின்ற அந்தக் குடும்பத்துக்காகத் திரட்டிய நிதிக்கு 100 பவுண்டு கொடுத்தார். பைபிள் சண்டையெல்லாம் நடந்த பிறகுதான் கொடுத்தார்.

இன்னொன்று. அவர் இறந்த பிறகு ஒரு கமிட்டி உட்கார்ந்து, இந்த எச்சரிக்கைகளுக்கு ஆதாரம் போதாது என்று எழுதிக்கொடுத்தது. 1866 டிசம்பரில் கூம்பு ஏற்றுவதை நிறுத்தினார்கள். கடலோர ஊர்களிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. மறு வருஷமே திரும்ப ஏற்றினார்கள். அவர் பைபிள் தூக்கியது அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கம்பத்தில் கூம்பு வேண்டும் என்று கேட்டார்கள், வாங்கினார்கள்.

கமெண்டை மூடப்போவதில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம், பதில் சொல்கிறேன். செத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை மட்டும் பிளாக் செய்வேன், எவ்வளவு நாள் பழக்கமாக இருந்தாலும்.