மரத்தடியில்தான் கூட்டம்
நடைபாதையை அகலமாக்கினால் மக்கள் தானாக வருவார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. 2019 நவம்பரில் சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்ததிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போகிறேன். அவருக்கு மூட்டுவலி, நாலு கடை தாண்டினால் உட்கார வேண்டும். மதியம் மூன்று மணிக்கு வெயிலில் கிடக்கும் கல் இருக்கை தோசைக்கல் மாதிரி சுடும். மரத்தடி இருக்கையிலோ கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கிறார்கள், டவுன் பஸ் மாதிரி! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் தெருக்கடைகளை இடைஞ்சல் என்கிறார். 2013-இல் இங்கிருந்த தெருக்கடைக்காரர்களைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றினார்களே, ஹேர்பின்னும் பொட்டும் வாங்க யார் மாடியேறுவார்கள்? அப்புறம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை இருந்தால் அம்மா இன்னும் அரைமணி நேரம் கூடுதலாகச் சுற்றுவார்.